டாக்டர் ஓட்டுன வண்டி

வா மாப்ள, திண்ணையில உக்காரு. கார் வாங்கப் போறியாமே! எங்கக்கா விடியக்காலமே தெரு பூரா சொல்லி முடிச்சிட்டா. தா.பழூர்ல இந்தச் சேதி தெரியாத ஆளு இனி ரெண்டே பேருதான். ஒருத்தர், லீவுல ஊருக்குப் போயிருக்கிற போஸ்ட்மேன். இன்னொருத்தர், அந்தக் காருக்கு நெசமான ஓனர்.

விவரம் கேட்டேன். 2012 மாடல், டீசல், வெள்ளை. கும்பகோணத்துல நிக்குது. சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டுனது. 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. கோயிலுக்குப் போறப்ப மட்டும்தான் வெளிய எடுப்பாங்களாம். அப்பறம் என்ன, கண்ண மூடிக்கிட்டு வாங்கு. கண்ணத் தொறந்தாத்தான் தொந்தரவு.

தமிழ்நாட்டுல விலைக்கு வர்ற பழைய காரையெல்லாம் டாக்டருங்கதான் ஓட்டினாங்கன்னா, ஆளுக்கு நாப்பது கார் வெச்சிருந்தாத்தான் கணக்கு நேராகும். அத்தனையும் ஓட்டிட்டு அவங்க ஊசி போட்டது எப்பன்னு தெரியல. கோயிலுக்குத்தான் போச்சுன்னா எந்தக் கோயில்னு கேட்டுக்க. கங்கைகொண்ட சோழபுரமும் கோயில்தான், காசியும் கோயில்தான்.

நீ தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இவ்வளவு தங்கமான வண்டிய அந்தப் புண்ணியவான் ஏன் விக்கிறான்? இத வாயால கேக்காத. "பெரிய வண்டி எடுக்கப் போறாரு சார்"னு பதில் ரெடியா இருக்கும், எல்லாப் புரோக்கரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவன். வண்டியக் கேளு. பானட்டுக்கு உள்ள, சீட்டுக்கு அடியில, டயர்ல, ஆர்.சி.யில, எங்கயாவது ஒரு எடத்துல காரணம் இருக்கும். அது கெடைக்கிற வரைக்கும் பணத்த உன் சட்டப்பையிலேயே வெச்சுக்க.

போற நேரம் முக்கியம். சாயங்காலம் ஆறரை மணி ரொம்ப விசேஷம், அவனுக்கு. டியூப்லைட் வெளிச்சத்துல எல்லா வண்டியும் மாப்பிள்ளை மாதிரிதான் நிக்கும். அதுக்கு மேல தண்ணி அடிச்சுக் கழுவி ஈரத்தோட விட்டிருப்பான். ஈரத்துல ஒடுக்கும் தெரியாது, ஒரு கதவுக்கு மட்டும் கலர் அடிச்சதும் தெரியாது. இன்னொண்ணு, கெளம்பும்போது மறக்காம போன் பண்ணிச் சொல்லிடு. நீ மதனத்தூர் பாலத்துல கொள்ளிடத்தத் தாண்டுறதுக்குள்ள அங்க அவன் இன்ஜின ஓடவிட்டுச் சூடு பண்ணி வெச்சிருவான். சூடான இன்ஜின் எந்தக் குத்தத்தையும் ஒத்துக்காது.

இதெல்லாம் வேணாம்னு தோணுச்சுன்னா, பத்து மணிக்கு வரேன்னு சொல்லிட்டு ஒம்பதுக்கே போய் நில்லு. போனதும் வணக்கம் சொல்றதுக்கு முன்னாடி பானட்டுல கைய வை. சூடா இருந்தா, "அவசரம் இல்லண்ணே, டிபன் சாப்ட்டு வரேன்"னு எங்கயாவது போய் ரெண்டு மணி நேரம் ஆற விட்டுட்டு வா. கும்பகோணத்துல டிகிரி காப்பிக்கா பஞ்சம்.

ஆறுன வண்டியில சாவியத் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாத, திருப்பிட்டு டேஷ்போர்டப் பாரு. மஞ்ச விளக்கு, சிவப்பு விளக்கு எல்லாம் எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையணும். இன்ஜின் லைட்டு எரியவே இல்லன்னா இன்ஜின் அமோகமா இருக்குன்னு சந்தோசப்படாத. அந்த லைட்டையே ஊமையாக்கிட்டான். ஏர்பேக் லைட்டுக்கும் இதே கததான்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, புகையப் பாரு. நீலமா வந்தா ஆயிலக் குடிக்குது. கறுப்பா தள்ளுனா டீசல் சரியா எரியல; ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தா நூறுகள்ல முடியும், இன்ஜெக்டர்னா ஆயிரங்கள்ல போகும். வெள்ளையா விடாம வந்து ரேடியேட்டர்ல தண்ணியும் கொறஞ்சுக்கிட்டே போனா, ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊத்துற மூடியத் தொற. குபுகுபுன்னு புகை மூஞ்சில அடிச்சா அதுக்கு மெக்கானிக்குங்க "பேக் கம்ப்ரஷன்"னு பேரு வெச்சிருக்காங்க. ரிங்கு, பிஸ்டன், போருன்னு அது இழுக்கிற செலவுல எங்கக்கா உனக்குப் பொண்ணு பாத்த செலவே தோத்துடும். மூடிக்கு அடியில பால்காப்பி கலர்ல வழவழன்னு ஒட்டியிருந்தா ஆயிலும் தண்ணியும் கலந்திருச்சு. அங்கயே அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு பஸ் ஏறிடு. விக்கிற காரணம் கெடைச்சிருச்சுல்ல.

48,000 கிலோமீட்டருக்கு வருவோம். பதிமூணு வருசத்துல 48,000னா ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர். நம்மூர்லேர்ந்து ஜெயங்கொண்டம் போய்ட்டு வரவே பத்தாது. அதுக்கு ஒருத்தன் டீசல் கார் வாங்குவானா? பெட்ரோல் காரவிடக் கூடக் காசு குடுத்து டீசல் கார் வாங்குறவன் ஓட்டத்துக்குத்தான் வாங்குவான். மீட்டரத் திருப்புறதுக்கு இப்ப ஸ்க்ரூ டிரைவர் கூட வேணாம், லேப்டாப் போதும். ஆனா கிளட்ச் பெடல் ரப்பரத் திருப்ப முடியாது. பிரேக் பெடல், டிரைவர் சீட்டோட வலது ஓரம், கியர் குமிழி, ஸ்டியரிங்ல கை புடிக்கிற எடம் எல்லாத்தையும் தடவிப் பாரு. மீட்டரு 48,000ங்கும், பெடலு தேஞ்சு வழவழன்னு ஒன்றரை லட்சம்ங்கும். பெடலு பேச்ச நம்பு. கம்பெனி சர்வீஸ்ல விட்ட வண்டின்னா, ஒவ்வொரு தடவையும் எத்தன கிலோமீட்டர்ல வந்துச்சுன்னு அங்க கணக்கு இருக்கும். ஓனரயே கூட்டிட்டுப் போய் எடுக்கச் சொல்லு. அவரு தலையச் சொறிஞ்சாருன்னா சரிதான்.

டயரப் பாத்தா பட்டன் எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாக்காத. ஓரத்துல நாலு நம்பர் இருக்கும். 2219னா 2019ஆம் வருசம் 22ஆவது வாரம் செஞ்சது. நாலும் நாலு வருசமா இருக்கலாம், பரவால்ல. ஆனா ஒரு டயரு உள்பக்கம் மட்டும் வழிச்சு எடுத்த மாதிரி தேஞ்சிருந்தா, அலைன்மென்ட்டோ, அடி வாங்குன சஸ்பென்ஷனோ, இல்ல சேசிஸே வளைஞ்சிருக்கோ, ஏதோ ஒண்ணு.

அடி வாங்குன வண்டிய கண்டுபுடிக்க உனக்குக் கருவி ஒண்ணு தரேன். உங்க வீட்டு ஃப்ரிட்ஜுல ஒட்டியிருக்கே காந்தப் பொம்மை, அத ஒரு மெல்லிசுத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போ. தகடுன்னா ஒட்டும், பட்டி வெச்சு எழைச்சிருந்தா நழுவும். பம்பர்ல வெச்சுட்டு ஒட்டலன்னு சண்டைக்குப் போகாத, அது பிளாஸ்டிக்கு. டிங்கரிங் பண்ணுன கதவு பெரிய குத்தமில்ல. நம்ம சந்துல மாட்டு வண்டிக்கு ஒதுங்கி சுவத்துல தேய்க்காத கார் ஏது? ஏப்ரான்லயும் பில்லர்லயும் வேல பாத்திருந்தாத்தான் பயப்படணும். கதவோரம் இருக்கிற பீடிங்கை லேசா இழுத்தா, கம்பெனியில வெச்ச வெல்டிங் வட்ட வட்டமா ஒரே இடைவெளியில தெரியும். பட்டறையில வெச்ச வெல்டிங்குன்னா கன்னாபின்னான்னு இருக்கும். பானட் போல்ட்டுல ஸ்பேனர் பட்டுக் கலர் உதிர்ந்திருந்தா, கழட்டுனது யாரு, எதுக்குன்னு கேளு.

சென்னை வண்டின்னு சொன்னா கொஞ்சம் நிதானி. தமிழ்நாட்டுக்குள்ள எத்தன கை மாறினாலும் நம்பர் மாறாது. போர்டு பொறந்த ஊரச் சொல்லும், வளந்த ஊரச் சொல்லாது. டிஎன் 68 கும்பகோணத்துலயே பொறந்திருந்தாலும், 2015 டிசம்பர்ல வேளச்சேரியில தண்ணிக்குள்ள நின்னுச்சா, முடிச்சூர்ல மெதந்துச்சா, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப பள்ளிக்கரணையில முங்குச்சான்னு போர்டுல எழுதியிருக்காது. முங்குன வண்டிய இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்'னு கணக்கு முடிச்சு ஏலத்துல விடும். ஏலத்துல எடுத்தவன் காய வெச்சு, துணி மாத்தி, சென்ட் அடிச்சு சந்தைக்கு அனுப்புவான். கம்முன்னு மல்லிப்பூ வாசம் அடிச்சா முதல்ல சந்தேகப்படு. நம்ம அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கத்துல சிப்பி கெடைக்குதே, கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி இங்க கடலு இருந்துச்சுன்னு படிச்சவங்க எத வெச்சுச் சொன்னாங்க? தண்ணி போனாலும் தடயம் போகாது, மாப்ள. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழு, சுருளுக்குள்ள இருக்கிற பாகத்துல சேத்துக்கோடு நிக்கும். சீட்டு நகருற தண்டவாளத்துல துரு, மேட்டுக்கு அடியில வண்டல், ஸ்டெப்னி வைக்கிற குழியில மண்ணு, ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்பக்கம் நீர்த்தடம். இந்த வேலையில வாரணவாசி மியூசியத்துல இருக்கிறவங்களவிட நீ கெட்டிக்காரனா இருக்கணும்.

இன்னொரு சரக்கு வடக்கேருந்து வரும். 2015ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பத்து வருசம் தாண்டுன டீசல் வண்டியும் பதினஞ்சு வருசம் தாண்டுன பெட்ரோல் வண்டியும் தில்லிப் பக்கம் ஓடக் கூடாதுன்னுச்சு. 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அதுக்கு முத்திரை குத்துச்சு. அங்க ஒதுக்குன வண்டியெல்லாம் தெக்க பாத்துக் கெளம்புச்சு. விலையக் கேட்டா கண்ணுல தண்ணி வரும், அவ்வளவு கொறைச்சல். அப்புறம் அங்கத்த என்.ஓ.சி., இங்கத்த லைஃப் டேக்ஸ், புது நம்பர்னு அலையும்போது மறுபடி கண்ணுல தண்ணி வரும். காரைக்கால் பிஒய் 02 வண்டியும் நமக்குப் பக்கந்தான், மலிவாத்தான் தெரியும்; டேக்ஸ் வித்தியாசத்தக் கூட்டிப் பாத்துட்டு மலிவுன்னு சொல்லு. நீ இருந்த சிங்கப்பூர்ல பத்து வருசம் ஆனா வண்டிய ஒப்படைக்கணும், இல்லாட்டி மறுபடியும் காசு கட்டி உரிமை வாங்கணும்னு நீதான சொன்ன? இங்க நமக்கு அந்த ரோசம் கெடையாது. பதினஞ்சு வருசத்துக்கு ஆர்.சி., அப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டரு பாத்து சரின்னா அஞ்சஞ்சு வருசமா நீட்டிக்கலாம். ஆனா 600 ரூவாயா இருந்த நீட்டிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்லேர்ந்து 5000. பசுமை வரி தனி. உன் 2012 வண்டிக்கு 2027ல கண்டம். விலை பேசும்போது அத இப்பவே கழிச்சுக்க.

மெக்கானிக்க கூட்டிட்டுப் போறியா? போ. புரோக்கரு "நம்மாளு ஒருத்தன் இருக்கான், ஃப்ரீயா பாத்துச் சொல்லுவான்"னு சொன்னா அவனக் கட்டிப் புடிச்சு நன்றி சொல்லிட்டு, ஜெயங்கொண்டத்துலேர்ந்து உனக்குத் தெரிஞ்சவன பெட்ரோல் காசும் கூலியும் குடுத்து ஏத்திட்டுப் போ. மெக்கானிக்குக்கு யாராவது ஒருத்தர் காசு குடுத்துத்தான் ஆகணும். நீ குடுக்காட்டி விக்கிறவன் குடுப்பான். ஸ்கேனர் வெச்சிருக்கிறவனா பாரு. கோளாறு கோடு எல்லாத்தையும் அன்னிக்குக் காலையிலதான் அழிச்சிருக்கான்னா அதுவும் அதுல தெரிஞ்சிடும்.

ஓட்டிப் பாக்கும்போது அவன் பாட்டு போடுவான். இளையராஜா பாட்டா இருந்தாலும் நிறுத்தச் சொல்லு. பாட்டு உனக்காகப் போடல, சஸ்பென்ஷனுக்காகப் போட்டது. கண்ணாடிய எறக்கு, ஏசிய அணை. பைபாஸ்ல வழுக்கிக்கிட்டு போற எடத்துல ஓட்டாத, அங்க கட்டில்கூட நல்லா ஓடும். சிமென்ட் லாரி மிதிச்சுப் போட்ட நம்ம அரியலூர் ரோடு இருக்கே, கடவுள் நமக்குன்னு குடுத்த டெஸ்டிங் டிராக்கு. அதுல விட்டா லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஷாக் எல்லாம் தன்னால பேரச் சொல்லிக் கூப்புடும். கொள்ளிடக் கரையில ஏத்து. மூணாவது கியர்ல மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்தி வண்டி நகரலன்னா கிளட்ச் பிளேட் முடிஞ்சுது. நேர் ரோட்டுல ஸ்டியரிங்க லேசா விட்டா வண்டி ஒரு பக்கம் சாயக் கூடாது. கடைசியில ஏசியப் போட்டு, நிக்கிற வண்டியில அஞ்சு நிமிசம் உக்காரு. மார்கழிக் காலையில எல்லா ஏசியும் வேல செய்யும், மத்தியானம் பாரு.

மலிவா வருதேன்னு கடைய மூடுன கம்பெனி வண்டிய எடுக்காதன்னு சொல்ல மாட்டேன். செவர்லே 2017லயே இங்க விக்கிறத நிறுத்துனான். ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் செய்யிறத நிறுத்தறதா அறிவிச்சான். மறைமலை நகர் வண்டி, நல்ல கட்டு, இன்னிக்கும் ஓடுது. ஆனா ஒரு கண்ணாடி ஒடஞ்சா சாமான் ஜெயங்கொண்டத்துல கெடைக்குமா, கும்பகோணத்துல கெடைக்குமா, இல்ல சென்னையில சொல்லி வெச்சு பார்சல் சர்வீஸ்ல காத்திருக்கணுமான்னு முன்னாடியே விசாரிச்சுக்க. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோட நின்னுச்சு, அதுக்கு இன்னும் தெருத்தெருவா சாமான் கெடைக்குது. கம்பெனி போறதும் சாமான் போறதும் வேற வேற.

விலை பேச உன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போகாத. அந்தப் பொண்ணு வெள்ளக் கலரப் பாத்துச் சிரிச்சா பத்தாயிரம், பின்சீட்டுல புள்ளையத் தூக்கி உக்கார வெச்சா இன்னொரு பத்தாயிரம், செல்ஃபி எடுத்தான்னா அட்வான்ஸ் குடுத்த மாதிரிதான். எங்கக்காவக் கூட்டிட்டுப் போ. அவ வண்டியச் சுத்தி ஒருவாட்டி நடந்து, "ஏன் தம்பி, இது இப்படித்தான் இருக்குமா?"ன்னு ஒரு கேள்வி கேப்பா. எதக் காட்டிக் கேக்குறான்னு அவளுக்கே தெரியாது, ஆனா அவன் தானா எறங்கி வருவான். வண்டி விலைக்கு மேல கொஞ்சம் கையில வெச்சுக்க: ஆயிலு, ஃபில்டரு, கூலன்ட்டு, பேட்டரி, டைமிங் பெல்ட் வண்டியா இருந்து மாத்துன பில்லு இல்லன்னா பெல்ட்டும். அது அறுந்தா வால்வெல்லாம் வளஞ்சு, காப்பாத்துன காசு பத்து மடங்கா வெளிய போகும்.

இனி காகிதம். நீ இதத்தான் கடைசியா பாப்ப, நான் சொல்றது மொதல்ல பாரு. எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரத் தட்டு. பதிவு தேதி, எஃப்.சி. எதுவரைக்கும், இன்சூரன்ஸ் இருக்கா, ஹெச்.பி.ங்கிற கடன் பதிவு இருக்கா எல்லாம் வரும். ஹெச்.பி. இருந்தா பேங்க்கு என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35ம் கையில வராம ஒரு ரூவா நகரக் கூடாது. கடன் அவன் வாங்குனது, சீஸ் பண்ண வர்றவன் நிக்கிறது உன் வாசல்ல. மஞ்ச போர்டுல டாக்சியா ஓடி வெள்ளைக்கு மாறுன வண்டியான்னும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துல பதிவு இருக்கும். சேசிஸ் நம்பர ஆர்.சி.யோட எழுத்தெழுத்தா ஒப்பிடு, பதினேழு எழுத்து. சுத்தி தேய்ச்ச தடம், புதுப் பெயிண்டு இருந்தா கும்பிடு, பஸ்ஸு.

'சிங்கிள் ஓனர்'ங்கிறத ஒரு தடவ சுரண்டிப் பாரு. ஆர்.சி.யில பேரு இருக்கிறவரு கையெழுத்துப் போட்டு வெறும் ஃபார்ம் 29, 30 குடுத்துட்டுப் போயிருப்பாரு. அந்த ஓப்பன் ஃபார்மோட வண்டி மூணு கை மாறியிருக்கும், நடுவுல எவனும் பேரு மாத்தியிருக்க மாட்டான். காகிதத்துல அப்பவும் சிங்கிள் ஓனர்தான்! இப்படிப் பல கை மாறுன ஒரு காரு விபத்துல சிக்குன வழக்குல, ஆர்.சி.யில பேரு இருக்கிறவருதான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. அதனால புத்தியுள்ள ஓனரு உன் பின்னாடியே வந்து பேர மாத்து, பேர மாத்துன்னு கெஞ்சணும். "மெதுவா மாத்திக்கலாம் சார், என்ன அவசரம்"னு ஒருத்தன் சொன்னா, அவன் ஓனரே இல்ல. ஓனர நேர்ல பாக்கணும்னு சொல்லு. ஆதாரையும் மூஞ்சியையும் பாரு. டாக்டருன்னா இன்னும் நல்லது, உன் பிரஷரயும் பாத்துட்டு வந்துடலாம்.

வித்தவரு பதினாலு நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லணும், நீ முப்பது நாளுக்குள்ள மனு குடுக்கணும். இன்சூரன்ஸையும் பதினாலு நாளுக்குள்ள உன் பேருக்கு மாத்தக் கேளு. "நோ கிளெய்ம் போனஸ் அம்பது பர்சென்ட் சேந்து வருது சார்"னு ஆச காட்டுவான். அது வண்டிக்கு உள்ளது இல்ல, அவனுக்கு உள்ளது, அவனோடயே போயிரும்.

பணம் குடுத்து சாவி வாங்கும்போது டெலிவரி நோட்டு எழுதுவீங்கல்ல, அதுல தேதி மட்டும் போடாத, மணியும் போடு. அன்னிக்குக் காலையில ஓனரு மகன் கடைசியா ஒரு ரவுண்டு அடிச்சுக்கிறேன்னு சீட் பெல்ட்டு போடாம தஞ்சாவூர் ரோட்டுல பறந்திருப்பான். சாயங்காலம் வண்டி எடுத்த நீ அதுக்கு அபராதம் கட்டிக்கிட்டு நிக்காத.